சாரதியும் ஈர விறகும்

விராட பர்வத்தைக் கதையாகச் சொல்லும் எந்தப் பௌராணிகரும், அந்தப்புரத்துப் பெண்களுக்கு நாட்டியம் கற்பித்துக்கொண்டிருந்த பிருகன்னளை தேர் ஓட்டப் புறப்பட்ட கட்டத்தை அவசரமாகக் கடந்து போக மனம் ஒப்பமாட்டார். கௌரவர்கள் பசு நிரைகளைக் கவர்ந்து போகிறார்கள். விராட அரசனோ வேறொரு போர்முனைக்குச் சென்றிருக்கிறான். ஊரில் தங்கிவிட்ட இளவரசன் உத்தரன், தகுந்த சாரதி ஒருவன் மட்டும் கிடைத்தால் பீஷ்மரென்ன, துரோணரென்ன, யாவரையும் புறங்கண்டு மீள்வேன் என்று பெண்கள் நடுவே மார்தட்டுகிறான். அப்பொழுது சைரந்திரி என்ற பெயரில் பணிசெய்துகொண்டிருந்த திரௌபதி பிருகன்னளையின் பெயரைச் சொல்ல, ஆணுமின்றிப் பெண்ணுமின்றி இருக்கும் ஒருவரிடம் போய்க் கடிவாளத்தைப் பிடிக்கச் சொல்வதா என்று இளவரசன் கூசுகிறான். திரௌபதி அவனோடு ஆண்மை பெண்மைகளைக் குறித்து வாதாடவில்லை. காண்டவ வனம் எரிந்த காலத்தில் அர்ஜுனனுடைய தேரை ஓட்டியவர் இவர்தாம் என்ற ஒரு செய்தியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். அந்தச் செய்தியில் உண்மை எவ்வளவு, மறைப்பு எவ்வளவு என்பது, பிருகன்னளையே அர்ஜுனன் என்ற கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். கவசத்தைத் தாறுமாறாக மாட்டிக்கொண்டு நின்ற சாரதியைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள், தேர் புறப்பட்டது.

உத்தரன் உடலைப் பார்த்தான். சைரந்திரி ஓடிய தூரத்தைப் பார்த்தாள். தேர்கள் போய் மோட்டார்கள் வந்து, மோட்டார்களுக்கு இன்ஷூரன்ஸும், இன்ஷூரன்ஸுக்குக் கணித நிபுணர்களும் வந்துவிட்ட பிறகும், சாலையில் யாருக்கு விபத்து நேரும் என்ற கேள்வியைப் பற்றி உலகம் இன்னமும் இந்த இருவருடைய வழக்கைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது கணக்குப் பார்த்துத் தீர்க்க வேண்டிய விஷயம் அல்லவா, தத்துவத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒருவன் எந்த இனத்தில் சேர்ந்தவன் என்பதைக்கொண்டு அவன் செய்யப்போவதை முன்னரே சொல்லிவிட முடியுமா, முடியுமென்றால் செய்யாத செயலுக்கு அவனிடம் கட்டணம் வாங்குவது தர்மமாகுமா என்று கேள்வி விரியும்போது, கணக்கு தானாகவே தத்துவத்தின் வாசலில் வந்து நிற்கிறது.

சாலை ஓரத்தில் நின்று கேட்டால் இரண்டு தீர்ப்புகள் காதில் விழும். பெண்ணொருத்தி காரைத் திருப்பத் திணறினால், பெண்புத்தி பின்புத்தி என்ற பழைய வசை எந்தத் திண்ணையிலிருந்தாவது எழும். இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் காற்றாய்ப் பறந்தால், இந்த வயதுப் பையன்களே இப்படித்தான் என்ற ஆயாசம் அதே திண்ணையிலிருந்து எழும். ஒன்று பெண்ணின் அறிவைப் பழிக்கிறது, மற்றது ஆணின் அடக்கமின்மையைப் பழிக்கிறது. புள்ளிவிவரம் எது பக்கம் பேசுகிறது என்று பார்த்தால், முதற் பார்வைக்கு இரண்டாவதன் பக்கம் சந்தேகத்துக்கு இடமின்றிப் பேசுவதாகவே தெரிகிறது. அமெரிக்க நாட்டில் கார் விபத்துகளில் உயிரிழக்கும் ஓட்டிகளில் ஏறக்குறையப் பத்தில் ஏழு பேர் ஆண்கள். உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் சாலையில் மாள்வோரில் ஆண்களின் பங்கு பெண்களின் பங்கைப்போல மும்மடங்குக்கு அருகில் நிற்கிறது. ஆண் என்பதே ஆபத்துக்குக் காரணம் என்று முடிவு கட்ட இதைவிட என்ன வேண்டும் என்று ஒருவர் எழுந்து போய்விடலாம். நம்முடைய தர்க்க சாஸ்திரிகள் அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள்.

அன்னம்பட்டருடைய தர்க்க சங்கிரகத்தைச் சிறு வயதில் ஓரளவேனும் பாடம் கேட்டவர்களுக்கு ஈர விறகின் உதாரணம் மறக்காது. புகை இருக்குமிடத்தில் தீ இருக்கிறது என்பது பழுதில்லாத அனுமானம். அதைத் திருப்பிப் போட்டு, தீ இருக்குமிடத்தில் எல்லாம் புகை இருக்கும் என்று ஒருவன் சொன்னால், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைக் காட்டி ஆசிரியர் அவன் வாயை அடைப்பார். அங்கே தீ உண்டு, புகை இல்லை. அடுப்பிலும் யாகசாலையிலும் அவன் கண்ட புகைக்கெல்லாம் காரணம் வெறுந் தீயன்று, தீயோடு சேர்ந்திருந்த ஈர விறகு. அதைக் கவனியாமல் தீயின் தலையில் முழுப் பொறுப்பையும் ஏற்றிவிட்டான். இவ்வாறு ஏதுவுக்குப் பின்னால் மறைந்து நின்று, ஏதுவின் வேலையைப்போலத் தன் வேலையைக் காட்டும் அந்த ஒட்டுண்ணிக்கு உபாதி என்று பெயர் வைத்தார்கள். உபாதிக்கு இரண்டு இலக்கணம் சொன்னார்கள். நிரூபிக்க வந்த விஷயம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அது இருக்க வேண்டும். ஆனால் காட்டப்படும் ஏது எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அது இருக்கக் கூடாது. புகையுள்ள இடத்தில் எல்லாம் ஈர விறகு உண்டு; தீயுள்ள இடத்தில் எல்லாம் ஈர விறகு இல்லை. உதயணர் காலம் முதற்கொண்டு ஆராயப்பட்டு, மிதிலையின் கங்கேசரிடத்தில் தனி வாதமாகவே வளர்ந்த இந்த நுட்பம், நம்மில் பலருக்குப் பரீட்சையோடு மறந்து போன பாடம். தமிழிலும் இந்தக் கவலை புதிதன்று; மணிமேகலைக்கு அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று பிரித்து, அவற்றின் போலிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியது துறவுக்கு முன்னால் தெளிந்த அனுமானம் வேண்டும் என்ற எண்ணத்தினால்தான் இருக்க வேண்டும்.

இந்தச் சல்லடையில் நம் விஷயத்தைப் போட்டுப் பார்ப்போம். இவனுக்கு விபத்து நேரும், ஏனெனில் இவன் ஆண் என்பது வாதம். விபத்து நேர்ந்த இடத்தில் எல்லாம் தவறாமல் இருந்தது என்ன? சாலையில் ஓடுதல். ஆண் இருக்கும் இடத்தில் எல்லாம் அது இருக்கிறதா? லைசென்ஸை மேஜை இழுப்பறையில் பூட்டிவிட்டு, காரை உறை போட்டு மூடி, ஆயுத பூஜைக்கு மட்டும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர்தாம் இந்த வாதத்தின் காய்ச்சிய இரும்புக் குண்டு. அவருடைய ஆண்மைக்கு ஒரு குறையும் இல்லை, விபத்துக்கு வழியும் இல்லை. ஆகவே ஓடிய தூரம், சாஸ்திரத்தின் இரண்டு இலக்கணங்களுக்கும் பொருந்தி, சுத்தமான உபாதியாக வந்து நிற்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் கணக்குப்படி, அந்நாட்டில் ஆண் ஓட்டி ஆண்டொன்றுக்குச் சராசரி 16,500 மைல் அளவு ஓட்ட, பெண் ஓட்டி 10,000 மைலைச் சற்றே தாண்டுகிறாள். ஏழுக்கு மூன்று என்று பெருத்துத் தோன்றிய ஏற்றத்தாழ்வில் கணிசமான பகுதி, வீட்டை விட்டு யார் அதிகம் வெளியே போகிறார்கள் என்ற சமுதாயச் செய்தியாகக் கரைந்துவிடுகிறது. கோயில் குளத்தில் மூழ்கிப் போனவர்களில் நீந்தத் தெரிந்தவர்களே அதிகம் என்று ஒருவர் கணக்கெடுத்தால், குளத்தில் இறங்கியவர்கள் யார் என்று முதலில் கேட்போம் அல்லவா?

இவ்வளவோடு நின்றால் தூரத்தால் வகுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடலாம். ஆனால் உபாதிக்குள்ளும் ஓர் உபாதி ஒளிந்திருப்பதை 1991-இல் கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறையைச் சேர்ந்த மேரி ஜான்கே என்ற ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். ஒரு மைலும் இன்னொரு மைலும் சமம் என்று எண்ணித்தான் வகுத்தல் நடக்கிறது; சாலையோ அப்படி எண்ணுவதில்லை. கற்பனையாக இருவரை வைத்துக்கொள்வோம். ஒருவர் தினந்தோறும் விரைவுச் சாலையில் நூறு கிலோமீட்டர் போய் வருகிறவர். அவருக்கு எதிர்த்திசை வண்டி கிடையாது, குறுக்குத் தெரு கிடையாது, பாதசாரி கிடையாது. மற்றொருவர் குழந்தையைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கி, மாமியாரை வைத்தியரிடம் காட்டிவிட்டு, எட்டுக் கிலோமீட்டருக்குள் இருபது சந்திகளையும் மூன்று திரும்பலையும் ஓர் இடுக்கான நிறுத்தத்தையும் சமாளித்து வீடு திரும்புகிறவர். முன்னவர் ஓட்டிய நூறில் ஆபத்தின் வாசல்கள் சில. பின்னவர் ஓட்டிய எட்டில் வாசலுக்கு வாசல் ஆபத்து. குறைவாக ஓட்டுகிறவர்களுடைய தூரம் பெரும்பாலும் இத்தகைய ஊர்த்தெருத் தூரமாகவே இருப்பதனால், மைலுக்கு இத்தனை விபத்து என்று வகுத்த மாத்திரத்தில் அவர்கள் பொல்லாத ஓட்டிகளாகத் தோன்றிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, குறைவாக ஓட்டுவதால் கைப்பழக்கமும் குறைகிறது. பின்லாந்து ஓட்டிகளைப் பற்றி 2002-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, வயதானவர்களையும் அவர்களைவிட இளையவர்களையும் ஆண்டுக்கு ஒரே அளவு ஓட்டுகிறவர்களாகப் பார்த்து ஒப்பிட்டபோது, முதுமையின்மேல் சுமத்தப்பட்டிருந்த பழி பெரும்பாலும் நீங்கிப் போயிற்று. முதியோருக்குப் பொருந்தும் நியாயம் பெண்களுக்கும் பொருந்தாமற் போகாது.

விபத்து என்ற சொல்லும் ஒரு பொருளில் நிற்பதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1990-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்குகளை வைத்துக்கொண்டு 1995-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மைலுக்கு வகுத்துப் பார்த்தபோது உயிர்ச்சேதம் விளைந்த விபத்துகளில் ஆண்களின் விகிதமும், காயம் விளைந்தவற்றிலும் போலீஸ் பதிவுக்கு வந்த எல்லா விபத்துகளிலும் பெண்களின் விகிதமும் மேலோங்கி நின்றன. திண்ணைத் தீர்ப்புகள் இரண்டுமே ஒரே புத்தகத்திலிருந்து தத்தமக்குச் சாட்சி கொண்டுவரலாம்! காலியாக இருக்கும் நள்ளிரவுச் சாலையில் வேகமாகப் போய் மரத்தில் மோதுவதும், நெரிசலான சந்தியில் பம்பர் நசுங்குவதும் ஒரே சொல்லின் கீழ் எண்ணப்பட்டால், கணக்கு எதைத்தான் சொல்லும்?

ஆயினும் உபாதியைக் கண்டுபிடித்த உற்சாகத்தில், மிச்சமே இல்லை என்று சொல்வது அசத்தியமாகும். தூரத்தைக் கழித்தாலும், சாலை வகையைக் கழித்தாலும், இளம் ஆண்களுடைய மரணக் கணக்கில் ஒரு மீதி கழியாமல் நிற்கிறது. வேகம், மது, பெல்ட் போடாமை, நண்பர்கள் நிறைந்த வண்டி என்று அந்த மீதிக்குள் எத்தனையோ அடங்கியிருக்கின்றன. இவையும் ஆண் என்ற உடலில் பிறவியிலேயே வந்தவையா, ஆண் என்றால் இப்படித்தான் என்று நாம் ஊட்டி வளர்த்தவையா என்ற கேள்வி இருக்கட்டும். மறுபுறத்தில் இன்னொரு மீதியும் உண்டு. ஒரே விதமான மோதலில், பெல்ட் அணிந்த பெண் ஓட்டிக்குக் கடுங்காயம் நேரும் வாய்ப்பு, பெல்ட் அணிந்த ஆண் ஓட்டியைவிட 47 சதவீதம் மிகுதி என்று வர்ஜீனியாவிலிருந்து 2011-இல் வெளியான ஆராய்ச்சி கூறியது. மோதிப் பார்த்துச் சோதிக்கும் பொம்மையைச் சராசரி ஆணின் அளவிலேயே பல பத்தாண்டுகளாக வார்த்து வந்தார்கள். பெண்ணுக்கென்று செய்ததோ, சராசரிப் பெண்ணைவிட மிகச் சிறிய உருவம். சராசரிப் பெண்ணின் உடலமைப்பைப் பின்பற்றிய பொம்மை ஸ்வீடனில் உருவாகி 2022-இல்தான் வெளியுலகுக்கு வந்தது. பெண் காயப்பட்டாள் என்ற கணக்கில் அவள் ஓட்டியது எவ்வளவு, அவளுக்காகச் செய்யப்படாத இருக்கை எவ்வளவு என்று யார் பிரிப்பது?

இப்பொழுது தர்மத்தின் கேள்விக்கு வருவோம். இந்தக் கேள்வி ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை போயிற்று. பொருள்களையும் சேவைகளையும் வழங்குவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் காட்டலாகாது என்று 2004-இல் ஐரோப்பியச் சமூகம் ஒரு விதி செய்து, அதே விதியில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மட்டும் கணக்கு ஆதாரமிருந்தால் பாலைக்கொண்டு கட்டணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பக்கக் கதவையும் திறந்து வைத்திருந்தது. பெல்ஜியத்து நுகர்வோர் சங்கமாகிய தெஸ்த்-ஆஷா அந்தக் கதவைத் தட்டியது. நீதிமன்றத்தின் ஆலோசக வழக்கறிஞராயிருந்த யூலியானே கோகோட் 2010 செப்டம்பரில் தம் கருத்தைச் சொன்னபோது, ஒருவருடைய ஆபத்தை நிர்ணயிப்பது அவருடைய வாழ்க்கைப் பழக்கங்களே என்றும், அவற்றை விசாரிப்பது கடினமாதலால் எளிதில் தெரியும் பாலைப் பற்றிக்கொள்வது வெறும் சௌகரியமே என்றும், இனம் நிறம் ஆகியவற்றைக்கொண்டு கட்டணம் விதிக்க ஒருவரும் துணியாதபோது இது மட்டும் எப்படித் தகும் என்றும் வாதித்தார். நீதிமன்றம் 2011 மார்ச் 1-ஆம் தேதி அந்தச் சலுகையைச் செல்லாதென்று தீர்த்து, 2012 டிசம்பர் 21 முதல் தீர்ப்பு நடைமுறைக்கு வரும் என்றது. சமத்துவம் வந்தது, அதுவரை குறைந்த கட்டணத்தில் மோட்டார் இன்ஷூரன்ஸ் பெற்றுவந்த பிரிட்டிஷ் இளம்பெண்கள் தங்கள் சலுகையை இழந்தார்கள்.

கம்பெனிகளின் தரப்பை அப்படியே தள்ளிவிடுவதற்கில்லை. இன்ஷூரன்ஸ் என்பதே தனி மனிதனைப் பார்க்க மறுக்கும் ஓர் ஏற்பாடு. ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அவர்களில் எவன் தலையில் இடி விழும் என்று தெரியாமலே எல்லோருமாகத் தாங்கிக்கொள்வதுதான் அதன் ரகசியம். எவன் தலையில் என்று தெரிந்துவிட்டால் பிறகு பகிர்வதற்கு என்ன இருக்கிறது? ஆகவே ஏதாவது ஒரு வகுப்பில் சேர்த்தாக வேண்டும். பாலை எடுத்துவிட்டால் வயதும், தொழிலும், வண்டியின் ஜாதியும் அந்த இடத்துக்கு வந்து, அவற்றுள் பால் மறுவேஷத்தில் நுழைந்துகொள்ளும். கர்மக் கொள்கையோ இதற்கு நேர்மாறானது. செய்தவனை வினை தேடி அடையும், அவன் எந்த வகுப்பில் நின்றாலும். பக்கத்தில் நின்றவனைத் தொடாது. ஒரு கூட்டத்தின் சராசரியைத் தனி மனிதன்மேல் ஏற்றுவது, பொதுவின் குணத்தைத் தனிக்குச் சூட்டும் பிழை. ஆயிரம் இளைஞரில் இத்தனை பேருக்கு விபத்து என்பது அந்த ஆயிரத்தைப் பற்றிய உண்மை. உங்கள் மகன் அவர்களில் ஒருவன் என்பதனால், அவனுக்குள் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு விபத்து ஊறிக் கிடக்கிறது என்று அர்த்தமில்லை. எனக்குக் கர்மவாதிகளின் பக்கமே மனம் சாய்கிறது. பாவபுண்ணியக் கணக்கு எழுதச் சித்திரகுப்தன் ஒருவன் இருப்பதாக அவர்கள் வைத்துக்கொண்டதன் பொருத்தமும் இப்போது புரிகிறது. தனித்தனியாகக் கணக்கு எழுத முடியாவிட்டால் அந்தக் கொள்கை ஒரு நாளும் நடவாது.

கலிபோர்னியாவின் வாக்காளர்கள் 1988-இல் நிறைவேற்றிய 103-ஆம் பிரேரணை, தெரிந்தோ தெரியாமலோ, சைரந்திரியின் சிபாரிசை அப்படியே சட்டமாக்கியது. கார் இன்ஷூரன்ஸ் கட்டணத்துக்கு முதல் ஆதாரம் ஓட்டியின் கடந்த கால நடத்தை, இரண்டாவது ஆண்டுக்கு ஓட்டும் மைல், மூன்றாவது ஓட்டிப் பழகிய ஆண்டுகள் என்று அது வரிசைப்படுத்தியது. இவ்வளவு சொல்லியும் பால் என்ற பிரிவு பின்வரிசையில் முப்பதாண்டுகள் உட்கார்ந்திருந்து, 2019 ஜனவரியில்தான் அந்த மாநிலத்தை விட்டு வெளியேறியது. நம் நாட்டில் கார்களுக்கான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டணம் எஞ்சினின் கன அளவைப் பார்க்கிறதேயன்றி ஓட்டியின் பாலைப் பார்ப்பதில்லை. ஓட்டிய அளவுக்கே கட்டணம் என்ற முறைக்கு 2022 ஜூலையில்தான் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வழிவிட்டது. வண்டிக்குள் சிறு கருவியொன்று உட்கார்ந்து, எத்தனை தூரம், எந்த வேகம், எங்கே திடீர் பிரேக் என்று குறித்துக்கொண்டே வரும் யுகத்தில், சித்திரகுப்தனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம். அவன் நம்முடைய வழிப்பயணம் ஒன்றொன்றையும் எழுதிவைக்க நாம் சம்மதிப்போமா என்பது வேறு வழக்கு. அதை இங்கே எடுத்தால் இந்தக் கட்டுரை முடியாது.

நம் நாட்டுச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் பெண்களின் தொகை சிறிது. ஸ்டீயரிங் பிடித்த பெண்களின் தொகை அதனினும் சிறிது. ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் ஒருக்களித்து அமர்ந்து, கையில் குழந்தையும் தலையில் ஹெல்மெட்டின்மையுமாகப் போய்க்கொண்டிருந்தவள் எந்த மைலை ஓட்டினாள்? ஆபத்துக்கு உட்படுதல் என்று கணித நிபுணர் சொல்லும்போது அவர் கடிவாளத்தைப் பிடித்தவனுடைய தூரத்தை அளக்கிறார். தேரில் பின்னால் இருந்தவரும், தேர் வரும் வழியில் நின்றவரும் அந்த அளவுகோலுக்குள் வருவதில்லை.

மோட்டார் விபத்துகளின் சரித்திரமோ, பின்னால் இருந்தவர், வழியில் நின்றவர் என்ற இந்த இருவரிலிருந்துதான் தொடங்குகிறது. அயர்லாந்தின் பார்ஸன்ஸ்டவுனில், 1869 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, நுண்ணோக்கியைப் பற்றி நூல் எழுதிய அறிவாளியான மேரி வார்ட், உறவினர் செய்த நீராவி வண்டியில் ஏறிச் சென்றபோது, வளைவில் கீழே விழுந்து சக்கரத்தின் அடியில் மாண்டார். லண்டனில், கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில், 1896 ஆகஸ்ட் 17-ஆம் தேதி, மகளோடு விழா பார்க்க வந்திருந்த பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற குரோய்டன் மாது, மக்களுக்கு ஏறிக் காட்டுவதற்காக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஒன்று மோதி உயிர்விட்டார். அப்படி ஒரு வண்டி உண்டென்றே பலருக்கும் தெரியாத காலம். அவருடைய விபத்தை அவர் ஓட்டிய தூரத்தால் வகுக்க ஒரு கணக்கர் உட்கார்ந்தால், கோட்டுக்கு மேலே ஒன்று என்று எழுதிவிட்டு, கீழே எழுதச் சுழியத்தைத் தவிர வேறு எண் கிடைக்காமல் பேனாவைக் கையில் பிடித்தபடியே இருக்க வேண்டியதுதான்.